ஏ பொத்தான் வேலை செய்யவில்லை

கயல்விழி அக்காவுக்கு அன்னூர் கடைவீதியில் ஏன் கடை கிடைக்கவில்லை என்பதற்கு எங்கள் ஊரில் இரண்டு காரணம் சொல்கிறார்கள். வாய் அதிகம், அதனால் கெட்டாள் என்பது தோட்டத்துப் பக்கத்துப் பேச்சு. அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்பது எங்கள் காலனிப் பேச்சு. இரண்டும் உண்மையில்லை. அக்காவின் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நான் வீட்டில் கிடந்த இந்தத் தொண்ணூற்றாறாம் வருடக் கோடையில்தான் எல்லாம் நடந்தது. பாதியை நேரில் பார்த்தேன். மீதியை அக்காவும் அவள் அம்மா பாவாத்தாளும் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை போட்டுக்கொண்டே சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பத்தாவது வரை படித்தவள். அதன்பின் கோயம்புத்தூரில் ஸ்டெபிலைசர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனிக்குப் போய்வந்து கொண்டிருந்தாள். அங்கே நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்து சால்ட்ரிங் வைப்பது எல்லாம் பெண்கள்தான். அக்கா வைக்கிற ஈயம் மிளகு மாதிரி உருண்டு பளபளவென்று நிற்குமாம். புதிதாகச் சேருகிற பெண்களுக்குச் சூப்பர்வைசர் அவள் ஈயம் வைத்த அட்டையைத்தான் எடுத்துக் காட்டுவாராம். இதை எங்களுக்குச் சொன்னது சூப்பர்வைசர் அல்ல, அக்காவேதான். அதுவும் ஒரு தடவையல்ல. தன் வேலையைப் பற்றிப் பெருமை பேசுவது அவளுக்குப் பிடிக்கும். கேட்க ஆள் இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டியிடம்கூடச் சொல்வாள் என்று பாவாத்தாள் கிண்டல் செய்வாள்.

முதலாளிகள் அண்ணன் தம்பி. அவர்களுக்குள் சண்டை வந்து கம்பெனியை மூடினார்கள். அக்கா ஒரு சால்ட்ரிங் கம்பியும் ஒரு பழைய மீட்டரும் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

அன்னூரில் தீபக் என்பவர் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். சினிமா கேசட்டோடு டிவி கேம் பெட்டிகளையும் வாடகைக்கு விடுவார். கையில் பிடித்து விளையாடுகிற ஜாய்ஸ்டிக்தான் அதில் முதலில் கெடும். பையன்கள் அமுக்கிற அமுக்கலில் நன்றாக இருந்தால்தான் ஆச்சரியம். கெட்டதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு மூலையில் வைத்திருந்தார். வேலை கேட்டுப் போன அக்கா அந்தச் சாக்கைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு குடுங்க, பண்ணிப் பாக்கறனுங்க."

"சாவுக்குப் போனது இதெல்லாம்" என்றார் தீபக்.

"போனதுதானுங்களே. இனி நான் என்ன கெடுத்துப் போடப் போறன்?"

ஒரே வாரத்தில் சாக்கு காலி. அன்றிலிருந்து தீபக் கடைக்கு வருகிற கெட்ட ஜாய்ஸ்டிக் எல்லாம் பின்வாசல் வழியாக எங்கள் காலனிக்கு வந்து, பின்வாசல் வழியாகவே திரும்பிப் போயின. யார் ரிப்பேர் செய்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்டால் "கோயம்புத்தூருக்குத் தாட்டி விட்டுப் பண்றமுங்க" என்று தீபக் சொல்வார். அன்னூர், கருமத்தம்பட்டி, கோபி வரைக்கும் அக்கா சரிசெய்த ஜாய்ஸ்டிக்குகள் போயின. எல்லாமே கோயம்புத்தூரில் ரிப்பேர் ஆனவை.

கோளாறு கண்டுபிடிப்பதில் அக்காவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எடுத்ததும் ஸ்குருவைக் கழற்ற மாட்டாள். "தொறக்கறது கடைசிச் சோலி" என்பாள். பெட்டியில் இருக்கிற இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் இடம் மாற்றிச் செருகுவாள். கோளாறும் கூடவே இடம் மாறினால் அது ஜாய்ஸ்டிக்கில் இருக்கிறது. மாறாமல் அங்கேயே நின்றால் பெட்டியில் இருக்கிறது. அடுத்து, ஒயர் உள்ளே நுழைகிற கழுத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டுவாள். பிள்ளைகள் விளையாடி முடித்ததும் ஒயரை இறுக்கிச் சுற்றி வைப்பதால் அங்கேதான் உள்ளுக்குள் அறுந்திருக்கும். அதுவும் இல்லையென்றால்தான் திறப்பாள்.

திறந்தால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு அட்டை. அதில் செம்புக் கோடுகள். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் கரும்புள்ளி வைத்த ஒரு வெள்ளை ரப்பர். பொத்தானை அமுக்கினால் புள்ளி போய்க் கோடுகளைத் தொடும், டிவியில் பொம்மை குதிக்கும். புள்ளி தேய்ந்துபோனாலும், இடையில் ஏதாவது புகுந்துகொண்டாலும் பொம்மை குதிக்காது.

என்ன புகுந்திருக்கிறது என்பதை வைத்து எந்த ஊர் ஜாய்ஸ்டிக் என்று அக்கா சொல்லிவிடுவாள். கருமத்தம்பட்டியில் இருந்து வருவதில் தறிப் பஞ்சு இருக்கும். கரும்புக் காட்டுப் பக்கம் என்றால் எறும்பு. ஒரு தறிக்காரர் வீட்டில் பொத்தான் இறுகிவிட்டது என்று தறிக்கு விடுகிற எண்ணெயை எடுத்து உள்ளே ஊற்றிவிட்டார்கள். ரப்பரெல்லாம் ஊதி இட்லி மாதிரி ஆகிவிட்டது. "நல்லவேளை, உள்ள நூலையுங் கோத்துப் பாவு ஓட்டிப் போடாம உட்டாங்களே" என்று அக்கா சிரித்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒரு கடை. ஒரு மேசை, ஒரு ஸ்டூல், வெளியே தன் பெயர் போட்ட ஒரு போர்டு. பின்வாசலே இருக்கக் கூடாது என்பாள். அன்னூரில் கேட்டுப் பார்த்தாள். எந்த ஊர் என்று கேட்பார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், அதற்குப் பிறகு ரூம் ஏற்கனவே ஒருவருக்குச் சொல்லியாகிவிட்டது என்பார்கள். நான் கூடப் போன ஒரு இடத்தில், சொல்லியாகிவிட்ட அந்த ரூம் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தது.

மிச்சம் இருந்தது அப்புசாமியின் காம்ப்ளக்ஸ். எங்கள் ஊரின் பெரிய தோட்டம் அவருடையது. பாவாத்தாள் அந்தத் தோட்டத்தில்தான் மாட்டுக் கொட்டகை கூட்டுகிறாள், களை எடுக்கிறாள். அன்னூரில் அவர் புதிதாகக் கட்டிய காம்ப்ளக்ஸில் மருந்துக் கடை, பேக்கரி, உரக்கடை எல்லாம் வந்துவிட்டன. மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை மட்டும் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. உள்ளே பாதிக்கு மேல் நிமிர்ந்து நிற்க முடியாது, தலையில் படி இடிக்கும். "எனக்கென்ன, உக்காந்துதான பண்ணப் போறேன்" என்றாள் அக்கா.

கேட்பதற்கு ஒரு சந்தர்ப்பமும் வந்தது. அப்புசாமியின் மகன் சபரீஷ் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி ஏழாவது படிக்கிறவன். முழுப்பரீட்சை லீவுக்கு வந்திருந்தான். அவனுடைய மாமன் ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்திருந்தார். லீவு தொடங்கின கையோடு ஜாய்ஸ்டிக் கெட்டது. பையன் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். கொட்டகை கூட்டிக்கொண்டிருந்த பாவாத்தாள், "என்ற மவ பண்ணிப் போடுவாளுங்க சாமி" என்று சொல்லிவிட்டாள்.

"உன்ற மவளா?" என்றார் அப்புசாமி. "அவளுக்கு இதெல்லாந் தெரியுமா?"

"தீபக்கு கடையில ஓடறது பூராவும் அவ பாத்ததுதானுங்க."

மறுநாள் காலை அக்கா போனாள். வாசலில் நின்றாள். எங்கள் காலனிக்காரர்கள் அந்த வீட்டில் வாசல் வரைக்கும்தான் போகலாம், படி ஏறக் கூடாது. அப்புசாமியின் மனைவி சென்னியம்மாள் ஜாய்ஸ்டிக்கைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு விலகி நின்றார். அக்கா எடுத்துக்கொண்டாள்.

"டிவில மாட்டி இருக்கறப்பவே பாத்தா நல்லதுங்கம்மா. மாத்திச் செருகிப் பாக்கோணும்."

"டிவி ஆசாரத்துல இருக்குது புள்ள. அங்க நீ எப்புடி வருவ?" என்றார் சென்னியம்மாள். ஆசாரம் என்றால் எங்கள் பக்கம் வீட்டின் கூடம். அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

சபரீஷ் அம்மாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நான் மாத்திப் பாத்தனுங்க அக்கா. இதுலதான் ஏ பட்டன் குதிக்க மாட்டேங்குது" என்றான்.

"அக்கான்னு எல்லாம் சொல்லக் கூடாது கண்ணு. பேரச் சொல்லு" என்றார் சென்னியம்மாள்.

எங்கள் கொங்கு நாட்டுப் பேச்சில் மரியாதை அதிகம் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். எதற்கும் ஒரு ‘ங்க’ போடுவோம். ஆனால் அந்த ‘ங்க’ எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாடத்தில் எழுதவில்லை. பாவாத்தாள் அந்தப் பையனையே "வாங்க சின்னச்சாமி" என்றுதான் கூப்பிடுகிறாள். பாவாத்தாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்.

கரும்புள்ளி தேய்ந்திருந்தது. அக்கா பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றிலிருந்து நல்ல ரப்பரை எடுத்துப் போட்டு, கோடுகளைத் துடைத்து, தன் கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டி விளையாடிப் பார்த்தாள். சோதனை என்று சொல்லிக்கொண்டு ரொம்ப நேரம் விளையாடுவது அவள் வழக்கம். சுவரைத் தாண்டி அந்தக் கேம் பாட்டு எங்கள் வீடு முழுக்கக் கேட்டது.

கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆசாரத்துக்குள்ளிருந்து பையன் "குதிக்குதுங்கப்பா!" என்று கத்தினான். அப்புசாமி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா காம்ப்ளக்ஸ் ரூமைப் பற்றிக் கேட்டாள்.

அவர் உடனே மறுக்கவில்லை. மீசையைத் தடவினார். "உன்னய நம்பி நாலு பேரு பொருளு குடுக்கோணுமல்லோ. வேல நிக்குதான்னு பாப்போம். பையன் லீவு முடியற வரைக்கும் இது கெடாம ஓடட்டும். ஓடுச்சுன்னா ரூமு உனக்குத்தான், போ."

அக்கா அன்றைக்கு நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். தான் போட்ட ரப்பர் ஒரு வருடத்துக்குத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். போர்டுக்கு என்ன கலர் போடலாம் என்று என்னிடம் கேட்டாள். நான் நீலம் என்றேன். அவள் சிவப்பு என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பாவாத்தாள் அதே ஜாய்ஸ்டிக்கை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். ஏ பொத்தான் வேலை செய்யவில்லை.

அக்கா திறந்து பார்த்தாள். உள்ளே ஈரம். செம்புக் கோட்டில் லேசாகப் பச்சை ஏறியிருந்தது. கை வியர்வையாக இருக்கும் என்று நினைத்தாள். துடைத்து, வெயிலில் காயவைத்து, போட்டுப் பார்த்துக் கொடுத்தனுப்பினாள். மறுபடி வந்தது. மறுபடி அதே ஈரம். இந்தத் தடவை பி பொத்தானும் நின்றிருந்தது. பையன் இளநீரைக் கொட்டியிருப்பானா என்று யோசித்தாள். சரிசெய்ததைத் தானே எடுத்துக்கொண்டு போய், "தம்பி குடிச்சுட்டே வெளையாடுதுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றார்கள்.

அடுத்த தடவை திறந்தபோது வெள்ளை ரப்பரின் ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது. அக்கா அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தாள். என்னிடமும் நீட்டினாள். மஞ்சள் தூள்தான்.

"குழம்புக் கை" என்றாள். "சோறு தின்னுபோட்டுக் கை கழுவாமப் போயி உக்காந்துக்கறான். இதான் சங்கதி."

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், துடைத்து மாட்டி எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிப் போனாள். வாசலில் நின்று, பையன் கை கழுவிவிட்டு விளையாடினால் போதும் என்று சொன்னாள். சென்னியம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. "என்ற பையன் கை கழுவறதில்லன்னு நீ வந்து சொல்றியா?" என்றார். அப்புசாமி பையனை ஒரு அறை விட்டார். "நான் தொடவே இல்லீங்கப்பா" என்று அவன் அழுதது வாசல் வரைக்கும் கேட்டது.

இரண்டே நாளில் அது திரும்பவும் கெட்டது.

இதற்கிடையில் தீபக்குக்கு ரூம் விஷயம் தெரிந்துவிட்டது. அக்கா தனிக்கடை போட்டால் அவருக்குப் பின்வாசல் வேலை நின்றுவிடும். அந்த ரூமைத் தனக்குத் தரும்படி கேட்க அவரே அப்புசாமியின் தோட்டத்துக்கு வந்தார். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த அன்றுதான் அக்காவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"என்ன புள்ள இது?" என்றார் அப்புசாமி. "நாலு தடவ வாங்கிட்டுப் போற, நாலு தடவையும் படுத்துக்குது. இந்த லட்சணத்துல உனக்குக் கடை வேற."

அக்கா வாசலில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஜாக்கெட்டில் செருகியிருந்த ஸ்குரு டிரைவரை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே ஜாய்ஸ்டிக்கைத் திறந்தாள். திறந்து தூக்கிக் காட்டினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் மண்ணில் விழுந்தது.

"என்ற வேலைல கோளாறு இல்லீங்க ஐயா. தண்ணி உள்ள போகுது. பாருங்க, மஞ்சத் தண்ணி. இது இங்க வந்ததுக்கு அப்புறம்தான் போகுது. என்ற ஊட்டுல வெச்சா ஓடுது."

அப்புசாமி திரும்பிப் பையனைப் பார்த்தார். கையை ஓங்கினார்.

"நானில்லீங்கப்பா!" என்று சபரீஷ் தூணுக்குப் பின்னால் ஓடினான். "அம்மாதான்! ஒவ்வொரு தடவ வாரப்பவும் சொம்புல மஞ்சத்தண்ணி கொண்டாந்து ஜாய்ஸ்டிக் மேல தெளிக்கறாங்க. தெளிச்சுட்டுத்தான் ஆசாரத்துக்குள்ள எடுத்துட்டுப் போவோணுமாமா. நான் வேண்டாமுன்னு சொன்னதுக்கும் கேக்கல."

தீபக் மோர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியம்மாள்தான் முதலில் பேசினார். "ஆமா, தெளிச்சேன். அதுக்கென்ன இப்போ? அங்கிருந்து வார பொருளு. அருவா வந்தாலும் தெளிக்கறேன், மம்முட்டி வந்தாலும் தெளிக்கறேன். இன்னிக்கு நேத்தா நடக்குது?"

"மம்முட்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்கம்மா" என்றாள் அக்கா. "இதுக்கு ஆகுதுங்க."

தீபக் சிரித்துவிட்டார். சிரித்ததும் உடனே நிறுத்திக்கொண்டார். அக்காவுக்கு வாய் அதிகம் என்று ஊர் சொல்வது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். நான் கேட்டேன். அதில் கிண்டல் இல்லை. கோளாறு எங்கே என்று கேட்டார்கள், எங்கே என்று சொன்னாள்.

கொட்டகைப் பக்கம் பாவாத்தாள் விளக்குமாறோடு நின்றிருந்தாள். அவள் வருடக்கணக்காக அந்த வீட்டில் வேலை செய்கிறவள். அவள் கழுவி வைக்கிற பால் கேனுக்கும் அந்தத் தண்ணீர்தான். ஜாய்ஸ்டிக்குக்குத் தெளிப்பதையும் அவள் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பாத்துட்டே இருந்தியாம்மா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லோ?"

"அதுல சொல்றதுக்கு என்னடி இருக்குது?" என்றாள் பாவாத்தாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எப்பவும் தெளிக்கறதுதான. நீ என்னமோ உள்ள கம்பி போச்சு, ரப்பர் போச்சுன்னு சொல்லீட்டு இருந்த. தெளிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமிருக்குமுன்னு நான் கண்டனா?"

அக்கா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வியர்வை என்று நினைத்தாள், இளநீர் என்று நினைத்தாள், குழம்பு என்று நினைத்தாள். பஞ்சையும் எறும்பையும் வைத்து ஊர் சொல்கிறவள், தன் ஊரின் கோளாற்றை மட்டும் கடைசி வரை நினைத்துப் பார்க்கவில்லை. அவளும் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதுதானே.

ஆனால் வாசலில் நடந்ததை இன்னும் முடிக்கவில்லை. அந்தச் சங்கடத்துக்கு வழி சொன்னது தீபக்.

"ஏனுங்க, இதுக்குப் போயி இவ்வளவு யோசன எதுக்குங்க? ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு நல்லாக் கட்டிக் குடுக்கச் சொல்லிடலாமுங்க. அம்மா கவர் மேல தெளிச்சுக்கட்டும். உள்ள போயிப் பிரிச்சுக்கலாம். வழக்கமும் கெடாது, ஜாய்ஸ்டிக்கும் கெடாது."

எல்லோருடைய முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. அப்புசாமி தொடையைத் தட்டினார். "அது சரி. யாவாரி மூள யாவாரி மூளதான்."

"மேல பட்டாப் போதும்" என்றார் சென்னியம்மாளும்.

பிறகு எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால் ரூம் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. லீவு முடிய இன்னும் நாள் இருந்தது. அக்கா ஜாய்ஸ்டிக்கின் மூடியைப் போட்டு ஒவ்வொரு ஸ்குருவாக முடுக்கினாள். முடுக்கி முடித்துவிட்டுத்தான், "சரிங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து வேலையைச் சரியாகச் செய்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் நினைக்க முடியாமல் இருக்கிறது. ஏனோதானோ என்று செய்திருக்கலாம். கவரின் வாயை மெழுகுவத்தித் தீயில் காட்டி ஒட்டினாள். ஒட்டியதைத் தண்ணீர்க் குடத்தில் அமுக்கிப் பிடித்து, குமிழி வருகிறதா என்று பார்த்தாள். ஒரு ஓரத்தில் வந்தது. பிரித்து மறுபடி ஒட்டினாள். தன்மேல் தெளிக்கிற தண்ணீர் உள்ளே போகாமல் இருப்பதற்கு அவள் அவ்வளவு கவனமாக உழைத்தாள்.

கொண்டுபோய்ப் படியில் வைத்தாள். சென்னியம்மாள் சொம்பைக் கொண்டுவந்து தெளித்தார். முன்னெல்லாம் அக்காவின் கண்ணில் படாமல் தெளித்தார்கள். இப்போதுதான் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டதே, அவள் நிற்கும்போதே தெளித்தார்கள். கவர் மேல் மஞ்சள் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பையன் கவரோடு எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். கேம் பாட்டு கேட்டது. ஏ பொத்தான் குதித்தது. லீவு முடிகிற வரைக்கும் குதித்துக்கொண்டே இருந்தது.

சபரீஷ் ஹாஸ்டலுக்குக் கிளம்பிப் போன மறுநாள் அக்கா தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு அப்புசாமியைப் பார்க்கப் போனாள். அவர் களத்தில் தேங்காய் உரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓடுச்சுங்க ஐயா" என்றாள் அக்கா.

"ஓடுச்சு. இல்லைன்னு சொல்லல. உன்ற வேலைல குத்தஞ் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். பிறகு தேங்காயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆனா நீயே யோசிச்சுப் பாரு. என்ற ஊட்டுலயே கவர் போட்டுத்தான் வாங்க வேண்டிக் கெடக்குது. நாலு சனம் வார எடம் அது. ஒவ்வொருத்தனுக்கும் கவர் போட்டா குடுத்துட்டு இருப்ப? பேக்கரிக்காரன் பக்கத்துல இருக்கான். நாளைக்கு அவன் யாவாரம் போச்சுன்னா என்ற சட்டையத்தான் புடிப்பான்."

"ஓடுனா ரூமுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"சொன்னேன். அன்னிக்கு இதெல்லாம் யோசிக்கல. நீ அன்னிக்கு வாசல்ல வெச்சு எல்லாத்தையும் தொறந்து காட்டுனதுக்கு அப்புறந்தான் யோசிச்சேன்." "தீபக்குக்குக் குடுத்துட்டேன். உன்னயும் நான் உட்டுப்போடல. அவன் போர்டு போட்டுக்கட்டும், நீ ஊட்டுல இருந்து பண்ணிக் குடு. உனக்குச் சோலி கெடச்ச மாதிரியும் ஆச்சு, யாருக்கும் சங்கடமில்லாத மாதிரியும் ஆச்சு."

அக்கா எங்களிடம் இதைச் சொல்லும்போது, அவர் முகத்தைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள். கெட்டது செய்கிற முகமாக இல்லையாம். ஒரு நல்ல காரியத்தை முடித்து வைத்த முகமாக இருந்ததாம்.

தீபக் போர்டு வைத்தார். ‘டிவி கேம் ஜாய்ஸ்டிக் ரிப்பேர்’ என்று பச்சை எழுத்து. பத்து நாள் போல ஆகியிருக்கும், ஒரு பை நிறையக் கெட்ட ஜாய்ஸ்டிக்குகளோடு எங்கள் காலனிக்கு வந்தார். முன்பெல்லாம் ஆள் அனுப்புவார், இப்போது அவரே வந்தார். மோட்டார் பைக்கை விட்டு இறங்காமல் கூப்பிட்டார்.

"ஏனுங்க கயலு, இந்தாங்க. சனிக்கெழமைக்குள்ள வேணும். கூட்டம் தாங்கல அங்க."

அவர் அக்காவுக்கு ‘ங்க’ போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"குடுங்க, பண்ணலாம்" என்றாள் அக்கா. "அந்த ரூமுல வந்து உக்காந்து பண்ணித் தாரேன்."

"அது… அது எப்புடிங்க? பெரியவரு என்ன சொன்னாருன்னு உங்களுக்கே தெரியுமல்லோ."

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

"கோவப்படாதீங்க. இதுல என்ற தப்பு என்ன இருக்குது? அன்னிக்கு அந்தக் கவரு யோசனைய நான் சொல்லாட்டி உங்க பேரே கெட்டிருக்கும்."

"நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. நானும் நல்லாத்தான் ஒட்டுனேன். இனிமே ஒட்ட முடியாதுங்க. போங்க."

அவர் போனதும் பாவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். தேடி வந்த வேலையை விரட்டுகிறாயே, நாளைக்கு நான் எந்த முகத்தோடு தோட்டத்துக்குப் போவேன் என்று அழுதாள். "நீ எப்பவும் போற மொகத்தோடயே போ" என்றாள் அக்கா.

தீபக்கும் சும்மா இருக்கவில்லை. கோயம்புத்தூரில் இருந்து ஒரு ஆளைப் பிடித்து வந்து அந்த ரூமில் உட்காரவைத்தார். அந்த ஆள் எடுத்ததும் ஸ்குருவைத்தான் கழற்றுகிறாராம். பாதி சரியாகிறது, பாதி ஆவதில்லை என்கிறார்கள். ஆனாலும் கூட்டம் வருகிறது. இப்போது அவை உண்மையாகவே கோயம்புத்தூர்க்காரர் ரிப்பேர் செய்தவை.

அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து வருகிற துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரியால் வெட்ட வேண்டும். அதற்குப் பத்தாவது வரை படித்திருக்கவும் வேண்டாம், மீட்டர் பார்க்கவும் வேண்டாம். கம்பெனி ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருகிறாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் இருக்குது என்கிறாள். அங்கே தன் வேலையை எடுத்துக் காட்டுகிறார்கள் என்று இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பு ஊற்றினாள்.

"சின்னச்சாமி தசரா லீவுக்கு வந்திருக்காரு" என்று தொடங்கினாள். "உன்னயக் கேட்டாரு. அந்த வெளையாட்டு ரிமோட்டு மறுபடி நின்னுபோச்சாமா. கடைக்காரன் பாத்துட்டு ஒண்ணும் ஆவாதுன்னுட்டானாமா."

அக்கா சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"பொம்ம குதிக்குதாமா, நடக்குதாமா. ஆனா ஒயரைத் தூக்கிப் புடிச்சாத்தான் நடக்குதாமா. கீழ உட்டா நின்னுக்குதாமா. அது என்ன கோளாறுடி?"

அக்காவின் கை சோற்றில் நின்றது. எனக்கே தெரிந்த கோளாறு அது, ஒயரின் கழுத்து. அவள் அந்த ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்க வேண்டியதில்லை, யாரும் எதையும் தெளிக்க வேண்டியதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும்.

"எனக்குத் தெரியல" என்றாள்.

"உனக்கா தெரியல?"

"எனக்குத்தான். கொஞ்சம் ரசம் ஊத்து."